கொசுறு

கிரெடிட் கார்டு என்ற பெயரை உலகத்துக்குக் கொடுத்தவர் பாங்கிக்காரர் அல்ல, ஒரு நாவலாசிரியர். என் தொழிலுக்குக் கிடைத்த பெருமை என்று இதைச் சொல்லிக்கொள்ளலாமா, அல்லது வாயை மூடிக்கொண்டு இருப்பது நல்லதா என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

எட்வர்ட் பெல்லமி என்ற அமெரிக்கர் 1888-ல் 'லுக்கிங் பாக்வர்ட்' என்று ஒரு நாவல் வெளியிட்டார். பாஸ்டன் நகரத்து வாலிபன் ஒருவன் 1887-ல் தூங்கப் போய் 2000-ஆம் வருஷத்தில் கண் விழிக்கிறான். அப்போது நாணயமும் இல்லை, நோட்டும் இல்லை. தேசத்தின் மொத்த விளைவில் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கு வருஷ ஆரம்பத்தில் அவர் பேரில் வரவு வைக்கப்படுகிறது. ஜனங்கள் ஓர் அட்டையைக் காட்டிச் சாமான் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த அட்டைக்குத்தான் பெல்லமி 'கிரெடிட் கார்டு' என்று பெயர் வைத்தார். அது கடன் சீட்டே அல்ல. தன் பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும் சீட்டு. அடுத்த வருஷப் பங்கிலிருந்து முன்பணம் கேட்டால் கொஞ்சம் கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பழக்கம் வளரக் கூடாது என்பதற்காகவே பலத்த கழிவு பிடித்துக்கொள்வார்கள். பெயரை எடுத்துக்கொண்ட பாங்கிகள் இந்தக் கழிவையும் மறக்காமல் எடுத்துக்கொண்டன. பழக்கம் வளரக் கூடாது என்ற எண்ணத்தைத்தான் பெல்லமியிடமே விட்டுவிட்டன.

அவர் கனவு கண்ட 2000-ஆம் வருஷம் வந்துபோய்க் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. திருவண்ணாமலை ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் இருப்பது எங்கள் வேங்கிக்காலில்தான். என் தங்கை மகன் அங்கே இளநிலை உதவியாளன். நிரந்தர உத்தியோகம் ஆன மறு மாதமே அவனைத் தேடி இரண்டு பாங்கிகள் வந்துவிட்டன.

"ஒண்ணுல வருஷச் சந்தா கிடையாது மாமா. இன்னொண்ணுல 500 ரூபாய் சந்தா, ஆனா பாயிண்ட் நிறையத் தர்றாங்களாம். எதை வாங்கலாம், சொல்லுங்க" என்று கேட்டான்.

பாயிண்ட் என்றால் என்ன? நம் பாஷையில் கொசுறு. இரண்டு கட்டுக் கீரை வாங்கினால் கீரைக்கார அம்மாள் நாலு கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் பையில் போடுகிறாளே, அதுதான். அந்தத் தழை அவள் கூடையிலிருந்து வருகிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியும். பாங்கி கொடுக்கிற கொசுறு யார் கூடையிலிருந்து வருகிறது? இதற்குப் பதில் தெரிந்தால் எந்தக் கார்டு என்ற கேள்வி பாதி தீர்ந்த மாதிரி. பதில் தேடக் கொஞ்சம் சரித்திரத்துக்குள் போக வேண்டும்.

1950-ல் நியூயார்க்கில் பிராங்க் மெக்நமாரா என்பவர் டைனர்ஸ் கிளப்பை ஆரம்பித்தார். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் பர்ஸைக் காணோமாம். அந்த வெட்கத்தில் பிறந்த யோசனையாம். கதை கட்டத் தெரிந்த கை ஒன்று இதில் பட்டிருக்கிறது என்பது என் சந்தேகம். அங்கத்தினர்கள் அட்டையைக் காட்டிச் சாப்பிடுவார்கள். கிளப் ஓட்டலுக்குப் பணம் கொடுத்துவிட்டு, மாதம் ஒரு முறை அங்கத்தினரிடம் முழுத் தொகையையும் வாங்கிக்கொள்ளும். வட்டி கிடையாது. பின் லாபம் எங்கே? ஓட்டல்காரரின் பில்லில் நூற்றுக்கு 7 டாலரைக் கிளப் பிடித்துக்கொண்டது. கூடை ஓட்டல்காரருடையது.

இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பு என்று சொன்னால் நம் ஊர் மளிகைக் கடைக்காரர் சிரிப்பார். பற்று வரவு நோட்டு என்று நீளமாக ஒன்று, ஆணியில் நூல் கட்டித் தொங்கும். துவரம் பருப்பு, நல்லெண்ணெய், சீயக்காய் எல்லாம் அதில் ஏறும். சம்பளத் தேதியன்று முழுக் கணக்கும் தீரும். தீர்க்கிற அன்று குழந்தையின் கையில் ஒரு துண்டு வெல்லமோ, ஒரு பிடி பொட்டுக்கடலையோ கிடைக்கும். வட்டி என்ற பேச்சே இருக்காது. விலையிலேயே ஒரு மயிரிழை ஏற்றி வைத்திருப்பார் என்பது வேறு விஷயம். முகம் தெரிந்த கடன் அது. தராதவன் அந்தத் தெரு வழியாக நடக்க முடியாது.

முகம் தெரியாத கடன் 1958-ல் பிறந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் பாங்க் ஆப் அமெரிக்கா, கலிபோர்னியாவில் பிரெஸ்னோ என்ற ஊரில் சுமார் 60,000 பேருக்குத் தபாலில் கார்டு அனுப்பியது. ஒருவரும் விண்ணப்பம் போடவில்லை. கல்யாணப் பத்திரிகை மாதிரி வீடு தேடி வந்தது. மாதக் கடைசியில் முழுத் தொகையும் கட்ட வேண்டியதில்லை, கொஞ்சம் கட்டினால் போதும். மீதிக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றரை, அதாவது வருஷத்துக்கு 18 வீதம் வட்டி. நூற்றுக்கு 4 பேர் பாக்கி வைப்பார்கள் என்று பாங்கி எதிர்பார்த்தது. 22 பேர் வைத்தார்கள். ஆரம்பத்தில் பெருத்த நஷ்டம். ஆனாலும் பாங்கி விடவில்லை. பாக்கி வைத்துப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறவன்தான் வியாபாரத்தின் ஜீவநாடி என்பது அதற்குப் புரிந்துவிட்டது. 1976-ல் 'விசா' என்று பெயர் மாற்றிக்கொண்டது இந்தக் கார்டுதான்.

வட்டி நமக்குப் புதிதல்ல. முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் அதற்குப் 'பொலிசை' என்று அழகான பெயர். கோயில் பணத்தை வாங்கிக்கொண்ட ஊர்ச்சபைகள் ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு பொலிசை கட்டின. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. இந்நாளைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. (வேங்கிக்கால்காரனுக்குக் கால் கணக்கு வராமல் போகுமா!) அது ஊர்ச்சபை கோயிலுக்குக் கட்டியது, வீட்டுச் செலவுக்கு வாங்கிய கடனல்ல. ஆகையால் அப்படியே ஒப்பிட்டுவிடக் கூடாது. இருந்தாலும் இன்று பல கார்டுகள் பாக்கிக்கு வாங்குகிற வட்டி மாதம் நூற்றுக்கு மூன்றரை, வருஷத்துக்கு 42 என்று கேட்கும்போது அந்தக் கல்வெட்டு ஞாபகம் வரத்தான் செய்கிறது.

கொசுறின் கதை தனி. 1896-லேயே அமெரிக்காவில் ஸ்பெரி அண்டு ஹட்சின்ஸன் கம்பெனி பச்சை வில்லைகளைக் கடைக்காரர்களுக்கு விற்றது. கடைக்காரர் அவற்றை வாடிக்கைக்காரர்களுக்கு இனாமாகக் கொடுப்பார். அவர்கள் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, விளக்கோ பாத்திரமோ வாங்கிக்கொள்வார்கள். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த மைலைக் கணக்கு வைத்து இலவசப் பிரயாணம் கொடுத்தது. 1986-ல் வந்த டிஸ்கவர் கார்டு, செலவழித்ததில் ஒரு சிறு பகுதியைப் பணமாகவே திருப்பித் தந்தது. வில்லையும் கார்டும் அதன்பின் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன. நம் நாட்டுக்கு டைனர்ஸ் கிளப் 1961-ல் வந்தது. பாங்கி கார்டு என்று முதலில் வெளியிட்டது சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா, 1980-ல். 2022-ல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைக்க ரிசர்வ் பாங்க் அனுமதி கொடுத்தபின், பௌர்ணமியன்று கிரிவலம் வருகிறவர் டீக்கடைக் கியூ.ஆர். அட்டையிலும் கடனில் டீ குடிக்கலாம்.

இப்போது கூடைக்கு வருவோம். கூடைகள் இரண்டு. ஒன்று கடைக்காரருடையது. வேலூர் ரோட்டில் மின்விசிறி வாங்கப் போனபோது, கார்டை நீட்டியதுமே, "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும் சார்" என்றார் கடைக்காரர். எனக்குப் பாங்கி தரும் கொசுறை அவர் ஏன் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும்? இன்னொரு கூடை, பாக்கி வைக்கிறவனுடையது. அவன்தான் மற்ற எல்லாருக்கும் கொத்தமல்லி வாங்கிக் கொடுக்கிறான்.

மருமகனுக்குக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் 20,000 ரூபாய் செலவு என்று வை. நூற்றுக்கு ஒரு ரூபாய் கொசுறு என்றால் 200 ரூபாய். நல்ல விஷயம். 'குறைந்தபட்சம் 1,000 கட்டினால் போதும்' என்று பில்லில் இருப்பதைப் பார்த்து அதை மட்டும் கட்டினால், மீதி 19,000-க்கு ஒரு மாத வட்டி 665 ரூபாய். வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 120 ரூபாய். ஆக 785. அதோடு போகாது, பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்குகிற சாமானுக்கும் வட்டியில்லாத தவணை கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டைச் செருகி ரொக்கம் எடுத்தாலோ, எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி. மேலே ஒரு கட்டணம் வேறு.

சந்தாவுக்கு வா. 500 ரூபாய் என்பது வரியோடு 590. நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் அந்த 590 திரும்பி வர 59,000 ரூபாய் செலவழிக்க வேண்டும். அதுவரை கொசுறு என்று பெயரே தவிர, உன் பணம்தான் உனக்குத் திரும்பி வருகிறது. பாயிண்டின் விலையையும் கேட்டுக்கொள். சில கார்டுகளில் 100 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட். ஒரு பாயிண்ட் கால் ரூபாய்தான்.

"வட்டி இவ்வளவா? கோர்ட் கேக்காதா மாமா?" என்றான்.

கேட்டது. நூற்றுக்கு 30-க்கு மேல் வாங்குவது நியாயமற்ற வியாபார முறை என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008-ல் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட் 2024 டிசம்பரில் ரத்துச் செய்துவிட்டது; வட்டி விஷயம் ரிசர்வ் பாங்கின் அதிகாரத்தைச் சேர்ந்தது என்பது அதன் முடிவு. ரிசர்வ் பாங்க் வட்டிக்கு இத்தனைதான் என்று எண் போடவில்லை. ஆனால் 2022-ல் போட்ட விதிகளில் இரண்டு நமக்குப் பிரயோஜனமானவை. கேட்காத கார்டை அனுப்பிக் கட்டணம் வசூலித்தால், அதைத் திருப்புவதோடு இரு மடங்கு அபராதமும் பாங்கி தர வேண்டும். பாக்கியில்லாதவர் கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய். பிரெஸ்னோவில் தபால்காரர் கொண்டுவந்து போட்ட வினைக்குப் பரிகாரம் இங்கே வந்து சேர அறுபத்து நாலு வருஷம் ஆயிற்று.

அவன் சந்தா இல்லாத கார்டையே வாங்கினான். முழுத் தொகையும் சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்தான். முதல் பில் வந்த அன்று ஓடி வந்தான்.

"நாற்பத்தோரு பாயிண்ட் மாமா!"

மனசுக்குள் காலால் பெருக்கிப் பார்த்துக்கொண்டு, தானே சிரித்துவிட்டான்.

"பத்தே கால் ரூபாய்."