சாவா மூவாப் பேராடும் நம் முதியோரும்

பழைய கோயில் கல்வெட்டுகளை வாசித்துப் பழகியவர்களுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்கிற தொடர் நன்கு தெரிந்திருக்கும். நந்தா விளக்கு எரிக்க நினைத்தவர் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பார். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு என்றால் சாகத்தானே செய்யும், கிழடு தட்டத்தானே செய்யும்? ஆனால் குட்டிகள் வந்து அந்த இடத்தை நிரப்பும். எண்ணிக்கை குறையக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால்தான் அந்தப் பெயர். பொன்னாகக் கொடுத்தாலும் இதே கணக்குதான். முதல் நிற்கும்; பொலிசை, அதாவது வட்டி, செலவுக்கு வரும்.

சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருப்பவன் நான். கல்வெட்டு படிக்கக் கல்லூரிக்குப் போனவன் அல்லன். ஆனாலும் இந்தக் கணக்கு வியாபாரிக்குச் சட்டென்று புரியும். முதியோர் காப்பு என்று இன்று எல்லோரும் பேசுகிறோமே, அதன் வரலாற்றை இந்தக் கணக்கைக் கொண்டு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறக்கட்டளைக் காலம்

வாலாஜாபாத் அருகே திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலசாலை பற்றி அது பேசுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து காய்ச்சும் பெண்கள் என ஆளுக்கு இவ்வளவு என்று ஊதியம் வகுத்திருக்கிறார்கள். நம்ம திருமலைக் கல்வெட்டுகளை 1930-களில் தேவஸ்தானமே தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலானவை தமிழ். 15-ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மன் காலத்தில் கந்தாடை இராமாநுச ஐயங்காரின் பொறுப்பில் இராமாநுச கூடங்கள் நடந்து அன்னம் இட்டதை அவை சொல்கின்றன.

சென்னையில் 1782 பஞ்சத்தின்போது கஞ்சித் தொட்டியாகத் தொடங்கியது மணியக்காரர் சத்திரம். அதன் வழியில் ஒரு மருத்துவமனை வளர்ந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆயிற்று. சத்திரம் முதியோர் இல்லமாகத் தொடர்ந்தது.

இதைச் சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று மார்தட்டக் கூடாது. ஆதுலசாலை அந்தக் கோயிலையும் அதன் பள்ளியையும் சார்ந்தவர்களுக்கு. இராமாநுச கூடம் வைணவ அடியார்களுக்கு. எத்தனையோ சத்திரங்களில் சாதி பார்த்துத்தான் இலை போட்டார்கள். பிள்ளை இல்லாத ஏழைக் கிழவிக்கு எந்தக் கல்வெட்டிலும் பங்கு எழுதி வைக்கவில்லை. முதல் பத்திரமாக இருந்தது, பங்காளிகள்தான் குறைவு.

பென்ஷன் காலம்

அந்தக் குறையைத் தீர்க்க வந்தது அரசு. உத்தரப் பிரதேசம் 1957-லும், காமராசர் முதல்வராக இருந்தபோது சென்னை மாநிலம் 1962-லும் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கின. சென்னையில் அன்று மாதம் 20 ரூபாய். சாதி கேட்காமல், வறுமையையும் வயசையும் மட்டும் கேட்ட பணம் அது. நம் நாட்டு வரலாற்றில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இங்கே வேறொரு குறை வந்தது. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15 முதல் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. அது 200 ஆவதற்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. 2011-ல் எண்பது வயசு தாண்டியவர்களுக்கு மட்டும் 500 ஆக்கினார்கள். மற்றவர்களுக்கு மத்திய பங்கு அந்த 200-லேயே நின்றுவிட்டது. 2006-ல் 200 ரூபாய்க்கு எத்தனை கிலோ துவரம்பருப்பு வந்தது, இன்றைக்கு எத்தனை வருகிறது என்று வீட்டில் அம்மாவைக் கேளுங்கள். ஆட்டுக்குக் குட்டி உண்டு. இந்தப் பணத்துக்கு இல்லை. அது மூத்துப் போகிறது.

நம் ஆந்திர அரசு தன் பங்காக அள்ளிச் சேர்த்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2014 வரை 200 ஆக இருந்த பென்ஷன் அந்த வருஷம் அக்டோபரில் 1,000 ஆயிற்று. 2019 ஜனவரியில் 2,000. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 2024 ஜனவரியில் 3,000. அதே வருஷம் ஜூலையில் 4,000. தகுதி வயசும் 2019-ல் 65-லிருந்து 60 ஆகக் குறைந்தது. பலருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் 2014, 2019, 2024 மூன்றுமே தேர்தல் வருஷங்கள் என்பதைக் கவனியுங்கள். விலைவாசி தேர்தலுக்குக் காத்திருப்பதில்லை. அரசு ஊழியரின் பஞ்சப்படி விலைவாசியோடு ஏறுகிற மாதிரி முதியோர் பென்ஷனும் தானாக ஏற வேண்டும். நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

சட்டமும் பத்திரமும்

மூன்றாவதாக 2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் வந்தது. கவனிக்காத பிள்ளைகள் மேல் ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் விதிக்கலாம். மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

இதில் நமக்கு முக்கியமானது 23-ஆம் பிரிவு. என்னைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் போனால், அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கச் செய்யலாம். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. முதியோர் பக்கம் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் மற்றொரு தீர்ப்பு வந்தது. இருந்தாலும் எழுத்தில் இருப்பதுபோல் பலம் எதுவும் இல்லை. இடையரிடம் ஆட்டைக் கொடுத்தவன்கூட 'நாள்தோறும் உழக்கு நெய்' என்று கல்லில் வெட்டி வைத்தான். நாமோ வீட்டையே கொடுக்கிறோம். ஒரு வரி எழுதுவதில்லை.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர், தெலுங்கில் இருந்த செட்டில்மென்ட் பத்திரத்தில் கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டார். அதில் சோறு பற்றி ஒரு சொல்கூட இல்லை. இரண்டு வருஷம் கழித்துத் திண்ணைக்கு வந்துவிட்டார். ஆர்.டி.ஓ.வைப் பார்க்கலாம் என்றேன். "பெத்த பிள்ளை மேல மனுவா? வேணாம்ப்பா" என்று எழுந்து போய்விட்டார். தப்பு பாசத்தில் இல்லை, பத்திரத்தில்தான்.

நம் சங்கம் செய்யக் கூடியது

சித்தூர் மாவட்டம் 1911-ல் வடஆர்க்காட்டிலிருந்து பிரிந்தது. 1953-ல் ஆந்திரத்தோடு சேர்ந்தது. 2022-ல் அதிலிருந்து திருப்பதி மாவட்டம் தனியாயிற்று. பிழைக்க வந்தவர்களும் ஆதி முதலே இங்கிருப்பவர்களுமாக நாம் கலந்து வாழ்கிறோம். நம் பிள்ளைகள் பெங்களூர், சென்னை, அமெரிக்கா என்று போய்விட்டார்கள். ஊரில் இருப்பது தெலுங்கு படிக்கத் தெரியாத பெரியவர்கள்.

எங்கள் சமண மரபில் உணவு, மருந்து, அடைக்கலம், அறிவு என்று தானம் நான்கு வகை. உணவுக்குப் பென்ஷன் உண்டு. மருந்துக்கு, 70 வயசு நிரம்பிய எல்லோருக்கும் வருமானம் பாராமல் வருஷம் 5 லட்சம் ரூபாய் வரையிலான ஆயுஷ்மான் காப்பு 2024 அக்டோபரில் வந்திருக்கிறது. அடைக்கலத்துக்குச் சட்டமும், 14567 என்ற முதியோர் உதவித் தொலைபேசியும் உண்டு. நான்காவதான அறிவுதான் நம் ஆட்களுக்கு எட்டவில்லை. இவையெல்லாம் இருக்கின்றன என்று தமிழில் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஒன்று, மாதம் ஒரு ஞாயிறு சங்கக் கட்டடத்தில் தெலுங்கு தெரிந்த நம் இளைஞர்கள் உட்கார்ந்து, பெரியவர்களின் மனுக்களை எழுதித் தர வேண்டும். பத்திரம் எதுவானாலும் கையெழுத்துக்கு முன் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். இரண்டு, விழா வசூலில் மிச்சத்தை முதியோர் நிதியாக வங்கியில் போட வேண்டும். வட்டி முழுவதையும் செலவழிக்காமல் நூற்றுக்கு முப்பது ரூபாயாவது முதலோடு சேர்த்தால்தான் அந்த நிதி மூப்படையாமல் நிற்கும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வர அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.