டெல்வ்ற் நகரத்துச் சட்ட அறிஞரும் நெடுந்தீவுப் பெண்ணும்

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் டெல்வ்ற். வேலணை அவர்தம் ஏடுகளில் லெய்டன் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்ரர்டாம், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொற்றர்டாம். பிறர் மண்ணுக்குத் தம் ஊர்ப் பெயரைச் சூட்டுவது வென்றவர் வழக்கம். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் மேனாட்டு அரசியல் தத்துவத்தைக் கற்பிப்போரும் கற்போரும் இப்பெயர்களிடையே சற்றுத் தரித்து நிற்றல் தகும். சர்வதேசச் சட்டத்தின் தந்தை எனப் பாடநூல்கள் போற்றும் ஹியூகோ குரோசியஸ் 1583ஆம் ஆண்டில் டெல்வ்ற் நகரில் பிறந்தவர். பதினொரு வயதிலேயே லெய்டன் பல்கலைக்கழகத்தில் புகுந்தவர். அவர் பிறந்த ஊரின் பெயரும் பயின்ற ஊரின் பெயரும் எமது கடலிலே இரு தீவுகளின்மேல் வந்து ஏறின.

வந்து ஏறியவை பெயர்கள் மட்டுமல்ல.

1603ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் சிங்கப்பூரை அடுத்த கடலில் போர்த்துக்கேயக் கப்பலொன்றைக் கைப்பற்றினர். அச்செயலை நியாயப்படுத்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி குரோசியஸின் எழுதுகோலை நாடியது. அவ்வழக்குரையின் ஒரு பகுதியே 1609இல் ‘சுதந்திரக் கடல்’ என்ற நூலாக வெளிவந்தது. கடல் எவர்க்கும் தனியுடைமை ஆகாது என்றார் அவர். கிழக்குத்தேச மக்கள் கிறித்தவர் அல்லர் என்பதனால் அவர்தம் நிலவுரிமை அற்றுப்போகாது. சாவகத்திலும் தப்ரபேனிலும் அவ்வவர்க்குரிய அரசரும் சட்டமும் என்றும் உண்டு என்றும் வாதிட்டார். அக்காலத்து ஐரோப்பியர் ஒருவர் வாயில் இது பெரிய வார்த்தையே. ஆனால் வாதம் போர்த்துக்கேயருக்கு எதிராகத் தீட்டப்பட்ட ஆயுதம். 1658இல் அதே கொம்பனி யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், கடலிற் செல்லும் எமது மரக்கலங்கள் கொம்பனியின் அனுமதிச் சீட்டின்றிப் பாய் விரிக்க இயலவில்லை. யானை ஏற்றுமதியால் பெயர்பெற்ற ஊர்காவற்றுறையின் வாயிலில், நீர்நடுவே நின்ற கடற்கோட்டை கண்காணித்தது. சுதந்திரக் கடலின் எல்லை அவ்வளவே.

கொள்கை நல்லது, அதனைக் கையாண்டவர்களே கெட்டவர்கள் என்று இதனை முடித்துவிடலாமா? முடியாது. 1625இல் அவர் எழுதிய ‘போரும் சமாதானமும் பற்றிய சட்டம்’ என்னும் பெருநூலைப் பார்க்க. போரிற் பிடிபட்டோர் அடிமையாகலாம். ஒருவன் தன்னைத் தானே அடிமையாக ஒப்புவித்தலும் செல்லும். பிள்ளைகள் விடயத்தில் தாயும் தந்தையும் முரண்பட்டால் தந்தை சொல்லே நிலைக்கும். காரணம், ஆண்பால் மேம்பட்டது என்பதே! கடலுக்குக் கிடைத்த விடுதலை வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

இதற்கு வேர் பழையது. அரிஸ்ரோட்டில் தமது ‘அரசியல்’ நூலை ஆண்டான் அடிமை, கணவன் மனைவி, தந்தை மக்கள் என்னும் மூவகை உறவுகளில் தொடங்கி, அவற்றின்மேல் நகரத்தை எழுப்பினார். பெண்ணுக்குச் சிந்திக்கும் ஆற்றல் உண்டு, ஆனால் அதற்கு அதிகாரமில்லை என்றார். அவருடைய ஆசான் பிளேற்றோ ‘குடியரசு’ நூலின் ஐந்தாம் பகுதியில் பெண்ணும் நாட்டைக் காக்கலாம் என்று கூறியதை மாணாக்கர் ஏற்கவில்லை. ரூசோவோ 1762இல் மனிதரின் விடுதலையைப் பாடிய அதே ஆண்டில், பெண்ணின் கல்வி ஆணுக்கு இனியவளாய் அமைவதற்கே என்றும் எழுதினார். யோன் ஸ்ருவாட் மில் பெண்ணடிமையைக் கண்டித்து 1869இல் நூல் செய்தவர். ஆயினும் முப்பத்தைந்து ஆண்டுகள் கிழக்கிந்தியக் கொம்பனியில் ஊதியம் பெற்ற அவர், ‘பின்தங்கிய’ மக்களுக்குச் சர்வாதிகாரமே பொருந்தும் என்றும் 1859இல் எழுதி வைத்தார். குடிமக்கள் தம்முள் செய்துகொண்டதாகச் சொல்லப்படும் சமூக ஒப்பந்தத்தின் அடியில் பெண்ணைக் கீழ்ப்படுத்தும் வேறோர் ஒப்பந்தம் மறைந்துள்ளது என்று கரோல் பேற்மன் 1988இலும், நிறத்தால் மக்களைப் பிரிக்கும் ஒப்பந்தமும் உள்ளது என்று சாள்ஸ் மில்ஸ் 1997இலும் காட்டினர். அவ்விரண்டையும் ஒருங்கே காண நாம் தூரதேசம் செல்லவேண்டியதில்லை.

தேசாதிபதி கொர்னேலிஸ் யோன் சைமன்ஸின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். அதுவே தேசவழமை. யான் பீரஸ் என்பவர் அதனைத் தமிழாக்கினார். பன்னிரண்டு முதலியார்கள் படித்துச் சரியென்றனர். 1806இல் ஆங்கிலேயரும் அதனைச் சட்டமாக ஏற்றனர். வென்றவர் தம் சட்டத்தைத் திணிக்காது எமது வழக்கத்தை மதித்தனர் என்று இதனைப் பெருமையோடு கூறுவோர் இன்றும் உளர். மதித்தது யாருடைய வழக்கத்தை? கேட்கப்பட்டவர் பன்னிருவர், அனைவரும் ஆடவர், நிலமும் அடிமையும் உடைய வகுப்பினர். அந்நூலில் நான்கு சாதியார் அடிமைகளாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளனர்; அவர்களுள் ஒருவரிடமேனும் வழக்கம் யாதென எவரும் வினவவில்லை. அடிமைமுறை 1844இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

ஆயினும் அத்தொகுப்பின் தொடக்கமே எம்மைத் திகைக்க வைக்கிறது. பண்டைநாளில் கணவன் கொணர்ந்தது முதுசம், மனைவி கொணர்ந்தது சீதனம், இருவரும் ஈட்டியது தேடியதேட்டம். முதுசம் ஆண்மக்களுக்குச் செல்லும். தாயின் சீதனம் பெண்மக்களுக்குச் செல்லும். தேட்டத்தில் இருபாலார்க்கும் பங்குண்டு. இவ்வொழுங்கு போர்த்துக்கேயர் காலத்தில் குலைந்தது என்றும் அந்நூலே கூறுகிறது. இங்கிலாந்து மனைவிக்குத் தன் சொத்தின்மேல் முழுவுரிமை 1882இல்தான் வந்தது என்பதை இதனோடு ஒப்பிடுக. ‘பல்பண்பாட்டுக் கொள்கை பெண்களுக்குத் தீங்கானதா?’ என்று சூசன் மோலர் ஓக்கின் 1997இல் எழுப்பிய வினா கூர்மையானது. ஆனால் மேற்குலகின் சட்டம் பெண்ணை விடுவிக்க, கீழ்த்திசை வழக்கம் அவளைக் கட்டிவைத்தது என்னும் எளிய கணக்கு எமது தீவுகளில் பலிக்காது.

பலிக்காமைக்கு மறுபக்கமும் உண்டு. சீதனம் அவளுடையது, ஆனால் கணவன் இசைவின்றி அதனைக் கொடுத்தல் அவளுக்குக் கூடாது. இதனை எமது வழக்கமென்பதா, ஒல்லாந்தர் கண்ணாடி வழியே எழுதப்பட்ட வழக்கமென்பதா? தேசவழமை வாய்மூடி நிற்குமிடத்தில் எமது நீதிமன்றங்கள் ரோம-ஒல்லாந்தச் சட்டத்தையே நாடின. அச்சட்டத்தின் மூலநூல்களுள் ஒன்று குரோசியஸ் எழுதிய ஒல்லாந்தச் சட்ட அறிமுகம். மணமான பெண் கணவனின் பாதுகாவலுக்கு உட்பட்டவள் என்பது அதன் விதி. அந்நூலை அவர் அரசியற் கைதியாக லூவெஸ்ரைன் கோட்டையில் இருந்தபோது எழுதினார். 1621இல் அவரைப் புத்தகப் பெட்டிக்குள் ஒளித்துச் சிறையினின்றும் தப்புவித்தவர் யார் தெரியுமா? அவர் மனைவி மரியா! காவலர் யார், காக்கப்பட்டவர் யார் என்பதை அறிஞர் பின்னரும் திருத்தி எழுதவில்லை.

இரு ஊற்றுகளின் நீரும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டத்தில் வந்து கலந்தன. மனைவியின் சொத்து அவளுக்கே உரிய தனிச்சொத்து என்று அச்சட்டம் அறிவித்தது. அடுத்த மூச்சில், காணி வீட்டை அவள் விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது. தன் முதுசத்தை விற்கும் கணவனுக்கு அத்தடை இல்லை. இவ்வேற்றுமை நூறாண்டைத் தாண்டியும் நீடித்தது. அடிப்படை உரிமைகளோடு முரண்படும் பழைய சட்டங்களும் செல்லும் என 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தன் 16ஆம் உறுப்புரையில் அதற்கு அரணும் அமைத்தது.

கணவன் கைவிட்டாலோ, சிறையில் இருந்தாலோ, இருக்குமிடம் தெரியாது போனாலோ, சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம் என்பது 1911இன் ஏற்பாடு. 2009இல் போர் ஓய்ந்தபோது, கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் வடக்கில் எத்தனையோ பேர். தாய்வழி வந்த பனங்காணித் துண்டொன்றைப் பிள்ளையின் படிப்புக்காக விற்க நினைத்த அத்தகைய பெண், தன் கணவன் இருக்குமிடம் தனக்குத் தெரியாது என்பதை முதலில் நீதிமன்றத்தில் நிறுவவேண்டியிருந்தது.