கார்த்திகைக் கிழங்கும் கால் வீக்கமும்



போன மாரியில் என் பெருவிரல் வீங்கி, தொழிற்சாலைச் சப்பாத்துக்குள் கால் போக மறுத்தது. அஜின்கோர்ட்டில் வைத்தியர் 'கவுட்' என்று கொல்சிசின் குளிசை தந்தார். ஊருக்குப் போன் எடுத்தால் அம்மா, "முடக்கொத்தான் ரசம் வைச்சுக் குடியடா தம்பி" எண்டா.

குளிசையின் சரித்திரத்தைத் தேடினேன். கொல்சிகம் என்னும் செடியின் கிழங்கை 6ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டர் என்ற கிரேக்க வைத்தியர் மூட்டு வீக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார். யுனானிக்காரருக்கு அது சுரஞ்சான். 1820இல் பிரான்சில் பெல்லெத்தியே, கவாந்து இருவரும் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே சாரம் எங்கடை வேலியோரக் கார்த்திகைப் பூச்செடியிலும் இருக்குது! தமிழ்நாட்டில் மூலனூர்ப் பக்கம் விதைக்காகவே அதைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள்.

ஆனால் கிழங்கு பொல்லாத நஞ்சு. அவித்தாலும் போகாது. சித்த வைத்தியர்களும் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. நான் சின்னனாய் இருக்கேக்கை எங்கள் அயலில் ஒருவர் வத்தாளங்கிழங்கு எண்டு நினைத்துத் தின்று, மூன்றாம் நாள் பிரேதமாய்த்தான் வந்தார். குளிசையையும் வைத்தியர் சொன்ன அளவுக்கு மேலே ஒன்றுகூடப் போடாதேயுங்கோ.

காய்ந்த முடக்கொத்தான் வாங்கி ரசமும் குடிச்சனான். வாய்க்கு ருசிதான், வீக்கம் வத்தினது குளிசைக்கு. அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை.