ஒப்பமிட மறுத்த கை

கட்டிப்போட்டுக் காவல் வைப்பதையே மருத்துவம் என்று எண்ணிய காலம் ஒன்றிருந்தது. 1961-இல் இத்தாலியின் கொரீசியா மனநோய் மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றார் பிராங்கோ பசாலியா. கட்டிவைக்கப்பட்டோர் பட்டியலில் ஒப்பமிடச் சொன்னார்கள். மறுத்தார்! மாணவப் பருவத்தில் பாசிசச் சிறையில் கிடந்தவரன்றோ? கட்டின் கொடுமையை அவர் அறியாரோ?

1971-இல் திரியெஸ்தே மருத்துவமனைப் பொறுப்பேற்றார். அங்கே மதிலுக்குள் ஏறத்தாழ 1,200 பேர். 1973-இல் நோயாளரும் கலைஞரும் கூடி நீலக் குதிரை ஒன்று செய்தனர். அது வாயிலில் நுழையவில்லை. குதிரையைக் குறைத்தார்களா? இல்லை, வாயிலை உடைத்தார்கள்! ஊர்வலமாய் நகருக்குள் நடந்தார்கள்.

1978 மே 13-இல் 180-ஆம் சட்டம் பிறந்தது. புதிய மனநோய் மருத்துவமனை கட்டலாகாது, மக்களிடையே மருத்துவம் நடக்கவேண்டும் என்றது. ஆயினும் மருத்துவ நிலையங்கள் எங்கும் ஒருசேர எழவில்லை. பல குடும்பங்கள் சுமையைத் தனியே தாங்கின.

தோழர்களே! மதிலை இடிப்பது பாதிப் பணி. மருத்துவத்தை வீட்டு வாயிலுக்குக் கொணர்வதே மீதிப் பணி!