குற்றச்சாட்டு மட்டும் போதுமா?

ஒருவர் மேல் குற்றம் சாட்டினாலே உள்ளே வைத்துவிடலாமா? நம் பக்கத்து வரலாற்றிலேயே இதற்கு ஒரு வழக்கு உண்டு.

ராஜபாளையத்தை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் 1957-ல் எம்.பி. ஆனவர் முத்துராமலிங்கத் தேவர். அதே ஆண்டு செப்டம்பர் 11-ல் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். முந்தின நாள்தான் இருவரும் முதுகுளத்தூர் அமைதிக் கூட்டத்தில் கலந்துகொண்டிருந்தார்கள்!

செப்டம்பர் 28-ல் தேவர் கைதானார். கொலை வழக்கில் அல்ல, தடுப்புக் காவல் சட்டத்தில். அதற்கு நீதிமன்ற விசாரணை வேண்டாம். 'இவரை வெளியே விட்டால் ஆபத்து' என்று அரசு கருதினாலே போதும் (ஆலோசனைக் குழு பார்க்கும், அவ்வளவுதான்). பிறகுதான் கொலைக்குத் தூண்டியதாக வழக்கு வந்தது. புதுக்கோட்டையில் நடந்த விசாரணையில் குற்றம் நிரூபணமாகவில்லை. 1959 ஜனவரியில் விடுதலை. அதுவரை ஓராண்டுக்கு மேல் சிறை.

பலர் இந்தக் கதையை விடுதலையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கொல்லப்பட்டபோது இம்மானுவேல் சேகரனுக்கு வயது 32.