சின்னப் பாய்மரப் படகு வாங்க ஆசையா? விலையைக் கேட்பதற்கு முன் இடத்தைக் கேளுங்க!

பழைய பாய்மரப் படகு ஒன்று விற்பனைக்கு வருகிறது. விலையைப் பார்த்தால் நம்பவே முடியவில்லை. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து காசு போட்டால் வாங்கிடலாம் போல இருக்கு. வாரயிறுதியில் பூலாவ் உபின் பக்கம் ஒரு சுற்று, அப்படியே லாசரஸ் தீவுக்கு ஒரு பயணம்... கனவு நல்லாத்தான் இருக்கு.

ஆனால் ஒன்றை மறந்துடாதீங்க. படகு மலிவாகக் கிடைக்கலாம். அது நிற்கும் இடம் மலிவாகக் கிடைக்காது.

ஏன் இவ்வளவு மலிவு?

ஃபைபர்கிளாஸ் மரம்போல் உளுத்துப்போகாது. அதனால் 1970களிலும் 1980களிலும் கட்டிய படகுகள் பல இன்னும் மிதக்கின்றன.

படகை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் உரிமையாளர் நிறுத்துமிடக் கட்டணத்தைக் கட்டியே ஆகவேண்டும். ஒரு கட்டத்தில், "யாராவது எடுத்துக்கிட்டா போதும்" என்ற நிலைக்கு வந்துவிடுவார். அந்த மலிவு விலையோடு அவருடைய மாதச் செலவும் உங்களிடம் வந்து சேர்கிறது.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். படகு 8,000 வெள்ளி. நிறுத்துமிடம் மாதம் 300 வெள்ளி. மூன்று ஆண்டில் நிறுத்துமிடத்துக்கு மட்டும் 10,800 வெள்ளி. படகின் விலையைத் தாண்டிவிட்டது! பாய், கயிறு, காப்புறுதி, அடிப்பகுதிக்குச் சாயம் எல்லாம் தனி.

படகு எங்கே நிற்கும்?

இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்தப் படகு என்பதும் பாதி முடிவாகிவிடும்.

- கரையில்: மன்றத்தின் இடத்தில் சின்னத் தள்ளுவண்டியில் நிற்கும். ஓட்டும்போது மட்டும் நீரில் இறக்கலாம். பராமரிப்பு குறைவு. படகு இலேசாக இருக்கவேண்டும்.

- மிதவையில்: கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கடலில் கட்டியிருக்கும். மரினாவைவிடச் செலவு பொதுவாகக் குறைவு. ஆனால் படகுக்குப் போய்வர இன்னொரு சின்னப் படகு தேவை.

- மரினாவில்: நேராக நடந்துபோய் ஏறலாம். வசதி அதிகம், கட்டணமும் அதிகம். பல இடங்களில் படகின் நீளத்தை வைத்துத்தான் கட்டணம்.

நீரிலேயே நிற்கும் படகுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நம்ம கடல் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். அடிப்பகுதியில் பாசியும் சிப்பிபோன்ற ஒட்டுயிர்களும் வேகமாக வளரும். சுத்தம் செய்யாமல் விட்டால் படகு நகரவே மறுக்கும்.

என்னென்ன வகை?

டிங்கி: அறை எதுவும் இல்லாத திறந்த படகு. 1957இல் வந்த வேஃபேரர் நல்ல எடுத்துக்காட்டு. நீளம் 4.82 மீட்டர். மூன்று பேர் தாராளமாகப் போகலாம். ஃபிராங்க் டை என்ற ஆங்கிலேயர் 1963இல் ஸ்காட்லந்திலிருந்து ஐஸ்லந்து வரை இதில் போயிருக்கிறார். நீங்க அதை முயற்சி செய்ய வேண்டாம்! ஆனால் சின்னப் படகு என்றால் விளையாட்டுப் பொருள் என்று நினைக்கவும் வேண்டாம்.

கடற்கரைக் கேட்டமரான்: ஹோபி 16 இந்த வகை. இரண்டு மெல்லிய உடல்கள், நடுவே இழுத்துக் கட்டிய விரிப்பு. வேகம் அபாரம். பொருள் வைக்க இடம் கிடையாது. கவிழ்ந்தால் நிமிர்த்தப் பயிற்சி வேண்டும். 'கேட்டமரான்' என்ற சொல்லே நம்ம 'கட்டுமரம்' தான், தெரியுமா? ஆனால் கட்டுமரம் என்பது மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. இரட்டை உடல் படகுக்கு அந்தப் பெயர் பின்னாளில் ஒட்டிக்கொண்டது.

தூக்கும் கீல் படகு: படகின் அடியில் நீட்டிக்கொண்டு, அது பக்கவாட்டில் நழுவாமலும் சாயாமலும் பிடித்துவைப்பதுதான் கீல். சில படகுகளில் அதை மேலே தூக்கலாம். அமெரிக்காவின் கேட்டலினா 22 அப்படிப்பட்டது. கீலைத் தூக்கினால் சுமார் 60 சென்டிமீட்டர் ஆழமே போதும். இறக்கினால் 1.5 மீட்டர் வேண்டும். உள்ளே படுக்கவும் இடம் உண்டு.

நிலையான கீல் படகு: 1977இல் வந்த ஜே 24 போன்றவை. சுமார் 7.3 மீட்டர் நீளம். கீழே 1.2 மீட்டர் ஆழம் வேண்டும். காற்றை எதிர்த்து நன்றாக ஓடும். கரையில் இழுத்துவைக்க முடியாது.

நம்ம கடலுக்கு எது ஒத்துவரும்?

காற்று: சிங்கப்பூரில் பெரும்பாலான நாள்களில் காற்று மெதுவாகத்தான் வீசும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை கொஞ்சம் நிலையான காற்றை எதிர்பார்க்கலாம். குளிர்நாட்டுப் புயல்களுக்காகக் கட்டிய கனமான படகு இங்கே பல நாள் அசையாமல் நிற்கும். இலேசான உடல், பெரிய பாய் என்று தேடுங்க.

நீரோட்டம்: நீர்மட்டத்தில் 6 மீட்டர் நீளமுள்ள ஒற்றை உடல் படகு சாதாரணமாக எட்டக்கூடிய உச்ச வேகம் சுமார் 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். அது நல்ல காற்றில். மெல்லிய காற்றில் 2 நாட் கிடைக்கும். எதிரே 2 நாட் நீரோட்டம் இருந்தால்? பாய் நிறைந்திருக்கும், படகு நின்ற இடத்திலேயே நிற்கும்! அதனால் நாள் முழுக்கப் பயணம் செய்யும் படகுக்குச் சின்ன அவுட்போர்டு மோட்டார் அவசியம்.

ஆழம்: உபின் பக்கம் செக் ஜாவா போன்ற இடங்களில் கடல் வற்றும்போது சேறும் மணலும் வெளியே தெரியும். ஜொகூர் நீரிணையில் கேலோங்குகளும் உண்டு. ஆழம் குறைந்த நீரில் போகும் படகுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

சுமத்ரா சூறைக்காற்று: இதைத்தான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசலாம். காற்றின் வேகம் மூன்று மடங்கானால் பாய்மீது அதன் அழுத்தம் ஒன்பது மடங்காகும். எனவே பாயைச் சுருக்கிக் கட்டும் வசதி இல்லாத படகைச் சுற்றுலாவுக்கு வாங்காதீங்க.

கப்பல்கள்: "மோட்டார் படகுகள் பாய்மரப் படகுக்கு வழிவிடணும்" என்று கேள்விப்பட்டிருப்பீங்க. அது பாதி உண்மை. குறுகிய கப்பல் பாதையில் மட்டுமே போகக்கூடிய கப்பலுக்குப் பாய்மரப் படகும் 20 மீட்டருக்குக் குறைவான எந்தப் படகும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. அனைத்துலகக் கடல் விதி அப்படித்தான் சொல்கிறது. சிங்கப்பூரின் தென் தீவுகளுக்குப் போக நினைப்பவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும்.

பழைய படகில் எதைப் பார்ப்பது?

- மேல்தளத்தில் நடந்து பாருங்க. கால் அழுந்தினால் உள்ளே நீர் புகுந்திருக்கலாம்.
- பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் வயதைக் கேளுங்க. பத்து ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்க.
- கீல் உடலோடு சேரும் இடத்தில் விரிசலோ துருவோ இருக்கா? தூக்கும் கீல் என்றால் அதன் கம்பியையும் அச்சாணியையும் பாருங்க.
- பாயை விரித்துப் பாருங்க. நம்ம வெயில் தையல் நூலைத்தான் முதலில் தின்னும்.
- மோட்டாரைக் குளிர்ந்த நிலையில் உங்க முன்னாலேயே கிளப்பச் சொல்லுங்க.

படகை நீரிலிருந்து தூக்கிக் காட்ட மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நடையைக் கட்டிடுங்க.

உரிமம் வேண்டுமா?

சிங்கப்பூரில் உல்லாசப் படகுகளுக்கான உரிமங்களைக் கடல்துறை, துறைமுக ஆணையம் கவனித்துக்கொள்கிறது. மோட்டார் பொருத்திய உல்லாசப் படகை ஓட்டத் தனி உரிமம் உண்டு. உங்கள் படகுக்கு என்னென்ன தேவை என்பதை வாங்குவதற்கு முன்பே ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளுங்க.

ஜொகூர் நீரிணை வழியாகத்தான் சிங்கப்பூர்–மலேசிய எல்லை செல்கிறது. குடிநுழைவுச் சோதனை முடிக்காமல் அந்தப் பக்கம் போக முடியாது.

ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, நங்கூரம், நீர் புகாத உறையில் கைத்தொலைபேசி, நிறையக் குடிநீர். இவை இல்லாமல் கிளம்பவேண்டாம்.

சரி, முடிவா எதை வாங்கலாம்?

முதலில் எதையுமே வாங்காதீங்க! ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் உள்ள தேசியப் பாய்மரப் படகோட்ட நிலையத்திலும், மக்கள் கழகத்தின் நீர்விளையாட்டு நிலையங்களிலும் கற்றுக்கொள்ளலாம். பிறகு மற்றவர்களின் படகில் உதவியாளராகப் போய்ப் பழகலாம். பந்தய நாள்களில் பலருக்கு ஆள் தேவைப்படும்.

ஓராண்டு கழித்தும் ஆசை குறையவில்லையா? பகலில் போய்ப் பகலிலேயே திரும்பினால் போதும் என்பவர்களுக்கு, கரையில் வைக்கக்கூடிய டிங்கி. ஓர் இரவு தங்கவேண்டும், மிதவையும் கிடைத்துவிட்டது என்றால், 6 முதல் 7 மீட்டர் நீளத்தில் கீலைத் தூக்கும் படகு. நாலு பேர் சேர்ந்து வாங்கினால், யார் எவ்வளவு கட்டுவது, விலக நினைப்பவர் எப்படி விலகுவது என்பதை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்க.

பெரிய படகைக் கட்டிப்போட்டு மாதாமாதம் பணம் கட்டுவதைவிட, சின்னப் படகில் வாராவாரம் கடலுக்குப் போவது மேல். கடலைப் பழகிக்கொள்ள வேறு வழி இல்லை.