மூடுபனி விமானமும் ஜம்மு ரயிலும்

விருதுநகர் மாவட்டச் சுந்தரபாண்டியத்திலிருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ புறப்படுகிறவர் இரண்டு டிக்கெட்டுகள் வைத்திருப்பது உண்டு. ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறும் பொதிகை எக்ஸ்பிரஸுக்கு. மற்றொன்று, மறுநாள் சென்னையில் ஏறும் விமானத்துக்கு. எது தாமதமானாலும் அவருக்கு நேரும் இழப்பு ஒன்றுதான். ஆனால் அந்த இழப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விமானத்தின் வழக்கில் ஒரு விடையும் ரயிலின் வழக்கில் வேறொரு விடையும் தந்திருக்கிறது. பயணியின் உரிமைகள் பட்டியலிட்டு அச்சான இடம் விமானம். ஆனால் தாமதத்துக்குப் பணம் வாங்கியவர் ரயில் பயணி. இந்த முரணின் காரணத்தைத் தேடினால், இரண்டு தீர்ப்புகளும் நாம் நினைப்பதைவிட நெருங்கிய உறவினர் என்று தெரிகிறது.

முதல் வழக்கின் நிகழ்வு 2006 டிசம்பர் 14 அன்று நடந்தது. டெல்லியிலிருந்து ஹைதராபாத் செல்லவேண்டிய இண்டிகோ விமானம் அடர்ந்த மூடுபனியால் பல மணி நேரம் நின்றது. பயணி விமானத்துக்குள்ளேயே காத்துக் கிடந்தார். ஹைதராபாத்தின் நிரந்தர லோக் அதாலத் அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது: பனி நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை.

இரண்டாவது நிகழ்வு 2016 ஜூனில். அஜ்மீர்–ஜம்மு ரயில் காலை 8.10-க்குச் சேர வேண்டியது, ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிந்திச் சேர்ந்தது. ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட குடும்பம் டாக்ஸி பிடித்து மலைப்பாதையில் போனது. டாக்ஸிச் செலவு 15,000, முன்பதிவு இழப்பு 10,000, மன உளைச்சலுக்கு 5,000, வழக்குச் செலவுக்கு 5,000 என மொத்தம் 35,000 ரூபாயை ரயில்வே தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்கான காரணத்தை ரயில்வே விளக்கவும் இல்லை, அது தன் கைமீறியது என நிரூபிக்கவும் இல்லை.

ஒருவர் தோற்றார், மற்றவர் வென்றார். ஆயினும் இரு அமர்வுகளும் எடைபோட்டது ஒரே பொருளைத்தான்: தவிர்த்திருக்கக்கூடிய தாமதமா, இல்லையா? பனிக்கு விமான நிறுவனத்திடம் விடை இருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ரயில்வேயிடம் இல்லை. பனியால் நின்றது ரயிலாகவும் காரணமின்றி நின்றது விமானமாகவும் இருந்திருந்தால், முடிவுகளும் இடம் மாறியிருக்கும் என்றே நான் வாசிக்கிறேன்.

இன்னொரு ஒற்றுமை வியப்பூட்டுவது. இரு தரப்பும் தாங்களே அச்சிட்ட நிபந்தனைகளின் பின்னால் நின்றன. ரயில் குறித்த நேரத்தில் ஓடும் என்ற உத்தரவாதம் இல்லை எனத் தன் கட்டண விதிகளைக் காட்டியது ரயில்வே. டெல்லி நீதிமன்றங்களில் மட்டுமே வழக்குத் தொடுக்கலாம் என டிக்கெட் நிபந்தனையைக் காட்டியது விமான நிறுவனம். ரயில்வேயின் விதி அதைக் காப்பாற்றவில்லை. விமான நிறுவனத்தின் நிபந்தனையும் ஹைதராபாத் லோக் அதாலத்தைத் தடுக்காது என்றே நீதிமன்றம் சொன்னது. குறைந்த கட்டணம் என்பதைக் காட்டி அடிப்படை வசதிகளை மறுக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பணத்தை இழந்த அந்தப் பயணி, பின்னால் வருகிறவர்களுக்கு அதைவிடப் பெரியதொன்றைப் பெற்றுத் தந்தார்.

இனி விதிப்புத்தகங்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் 2010-ஆம் ஆண்டு விதிகள், பின்னர் வந்த திருத்தங்களோடு, பார்வைக்குத் தாராளமானவை. உறுதியான டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்தால் 20,000 ரூபாய் வரை. முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 வரை. ஆனால் ரத்துக்கான தொகையோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது: அந்த உச்சவரம்பு, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதுதான். மதுரை–சென்னை விமானத்துக்கு 3,000 ரூபாய் அடிப்படைக் கட்டணம் கொடுத்தவரின் நேர்காணல் கைநழுவினாலும் அளவுகோல் அந்த மூவாயிரத்தையே சுற்றி வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதி தூரத்தைப் பார்த்து 250 முதல் 600 யூரோ வரை தருகிறது. டிக்கெட் விலையைக் கேட்பதில்லை. நம் விதிகளில் தாமதத்துக்கு ரொக்கமே கிடையாது. குறுகிய பயணத்தில் இரண்டு மணி நேரம் கடந்தால் உணவு, ஆறு மணி நேரம் கடந்தால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், 24 மணி நேரம் கடந்தால், இரவு விமானமானால் ஆறு மணி நேரம் கடந்தாலே, தங்குமிடம்.

ரயில்வேயிடம் இவ்வளவும் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நாம் பயணத்தைக் கைவிட்டால் முழுக் கட்டணம் திரும்பும். அதற்கும் ரயில் புறப்படுமுன் டி.டி.ஆர். எனும் டிக்கெட் ஒப்படைப்பு ரசீதைப் பதிய வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் நடைமேடையில் காத்திருப்பவருக்குச் சாப்பாடு தர எவருக்கும் கடமையில்லை. ஆனால் இழப்பை அளக்கும் பட்டியல் இல்லாததால்தான் ஜம்மு வழக்கில் டாக்ஸி ரசீது வரை உண்மையான செலவை நீதிமன்றம் எண்ண முடிந்தது. பட்டியல் பயணிக்குத் தளமாக இருக்க வேண்டியது. விமான நிறுவனங்களின் கையில் அது கூரையாகிவிட்டது. இந்த வேறுபாடு என்னை வெகுவாக உறுத்துகிறது.

தவிர்த்திருக்கக்கூடியதா என்ற அந்தக் கேள்விக்கு 2025 டிசம்பர் முதல் வாரம் சோதனையாக வந்தது. இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. விமானிகளின் ஓய்வு நேரத்தை நீட்டும் புதிய விதிகளுக்கு ஏற்ப ஆட்களை அமர்த்தாததே பெருங்காரணம். அவ்விதிகள் 2024 ஜனவரியிலேயே வெளியானவை. 2025 நவம்பர் 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தவை. மற்ற விமானங்களில் கட்டணம் எகிற, 500 கி.மீ. வரை 7,500 ரூபாய் என்பதுபோல அரசு வரம்பு விதித்தது. ரயில்வே கூடுதல் பெட்டிகளை இணைத்தது. விமானம் கைவிட்டவர்களை ஏற்றிச் சென்றது, உரிமைப் பட்டியல் இல்லாத அந்த வாகனமே. அந்த வாரம் பனியின் பக்கம் நிற்கிறதா, ஜம்மு ரயிலின் பக்கமா? ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம் இருந்ததைக் கட்டுப்பாட்டுக்கு மீறியது என்று நான் ஏற்க மாட்டேன்.

துபாய் டிக்கெட் வைத்திருப்பவருக்கு இதில் சற்று ஆறுதல் உண்டு. 2009 முதல் இந்தியா ஏற்றுள்ள மாண்ட்ரியல் உடன்படிக்கை, பன்னாட்டு விமானத் தாமதத்தால் நேரும் இழப்புக்கு நிறுவனத்தையே பொறுப்பாக்குகிறது; நியாயமான எல்லா முயற்சியும் எடுத்ததாக நிறுவனம் நிரூபித்தால் மட்டுமே விலக்கு. ஜம்மு தீர்ப்பின் கேள்வியே இங்கும் நிற்கிறது.

இரண்டு டிக்கெட்டுகளும் கடைசியில் ஒரே கூடத்தில் சந்திக்கின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம் என்கிறது. விருதுநகர் மாவட்ட ஆணையம் இருப்பதோ ஸ்ரீவில்லிபுத்தூரில். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. அவகாசம் இரண்டு ஆண்டு. ஆனால் ஜம்மு குடும்பத்துக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. மாவட்ட, மாநில, தேசிய ஆணையங்கள் மூன்றிலும் வென்ற பிறகும் ரயில்வே மேல்முறையீடு செய்தது. எல்லா வழக்கும் காரணத்தைச் சுற்றியே சுழல்வதால், தாமதமான அந்த மணியிலேயே காரணத்தை எழுத்தில் தருமாறு விமான நிறுவனத்தையும் ரயில்வேயையும் கட்டாயப்படுத்த வேண்டும். "செயல்பாட்டுக் காரணங்கள்" என்று அலைபேசியில் வரும் இரண்டு சொற்களைக் காரணம் என்று ஏற்கவும் கூடாது.